பொட்டு வைக்காத தகடு

கண்ணுகளா, இந்த ஆயுத பூஜைக்கு நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை. என் ஸ்கூட்டர், அம்மாவின் தையல் மிஷின், மிக்சி, கடப்பாரை, மண்வெட்டி, போதாததற்குப் பக்கத்து வீட்டுக்காரர் நம் வாசலில் நிறுத்தியிருந்த டிராக்டர், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுக் கிண்ணத்தோடு மொட்டை மாடிக்கு ஓடினீர்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தெற்குப் பார்த்துச் சாய்த்து வைத்திருக்கும் அந்தச் சாம்பல் நிறத் தகட்டின் முன்னால் நான் குறுக்கே வந்து நின்றேன். "இதுக்கு வேண்டாஞ் சாமி" என்றேன். "ஏனுங்கப்பா, இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சின்னவன் கேட்டான். பெரியவள், "உடுடா, அப்பாவுக்கு நம்மளக் காட்டியும் அந்தத் தகடுதான் ஒசத்தி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தகட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால் நடுவில் வட்டமாக ஒரு வெளிறிய சிவப்பு தெரியும். நாம் வைத்ததல்ல. அந்த வட்டத்தால் ஒரு பெண்ணுக்கு வேலை போனது. பல நாட்டுக்காரர்கள் கைகோத்துச் செய்த ஒரு ஆராய்ச்சியில் நம் பக்கத்துக் கை நழுவியது. அதைச் செய்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. இதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் தண்ணீர்த் தொட்டியும் கதவும் செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அச்சின் மேல் கண்ணாடி நாரை விரித்து, ரெசின் என்கிற பசையைத் தடவி, உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். நாரும் ரெசினும் ஒன்றாக இறுகினால் தனித்தனியாக இல்லாத ஒரு பலம் வந்துவிடும். கண்ணாடி நாருக்குப் பதிலாக வாழை நாரை வைத்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க ஒரு கல்லூரிக்காரர்கள் எங்களிடம் வந்தார்கள். அவர்களோடு வெளிநாட்டு ஆராய்ச்சிக் கூடங்களும் சேர்ந்திருந்தன. ஏற்பாடு எளிமையானது. ஒரே மாதிரித் தகடுகளை நாங்கள் செய்து கொடுக்க வேண்டும். அவற்றில் சில கஞ்சிக்கோட்டு வெயிலிலும் கணவாய்க் காற்றிலும் கிடக்கும். சில தேவிகுளத்து மூடுபனியில் கிடக்கும். சில கப்பலேறிப் போய் அவர்கள் ஊர்ப் பனிக்கட்டியில் கிடக்கும். அவர்கள் ஊர்ச் செடியின் நாரில் செய்த தகடுகளும் இங்கே வந்து நம் மழையில் நனையும். யாரும் தொடக்கூடாது, துடைக்கக்கூடாது. பாசி பிடித்தால் பிடிக்கட்டும், காக்கை எச்சமிட்டால் இடட்டும். குறித்த காலத்தில் எல்லா ஊரிலும் ஒன்றுபோலக் கழற்றி இழுத்துப் பார்த்து, எது எவ்வளவு தாங்கியது என்று சேர்த்து எழுத வேண்டும்.

இதற்காகத்தான் வெளிநாட்டிலிருந்து டாக்டரம்மா வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படிப்பில் டாக்டர். கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்து, தலையில் ஒரு துணித் தொப்பியோடு, கம்பெனி ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்களோடேயே நிற்பார். எங்களிடமிருந்து முதலில் பிடித்துக்கொண்ட சொல் "சரிங்க". முதலாளிக்கும் சரிங்க, டீக்கடைக்காரருக்கும் சரிங்க, குரைக்கிற நாய்க்கும் சரிங்க. தகடுகள் சாய்த்திருக்கும் இரும்புச் சட்டத்தின் கிட்டப் போகும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குனிந்து பார்ப்பார். என்னையும் அப்படியே பார்க்கச் சொன்னார். கோயிலில் மூலவருக்கு முன் நிற்கிற மாதிரி இருக்கிறதே என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஒரு நாள் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஏன் அம்மா இவ்வளவு பயம்?" என்று கேட்டேன். அவர் மெதுவாகச் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்: "இந்தச் சோதனையில் வரும் எண்ணை நம்பி எங்கேயோ ஒருவர் தன் பிள்ளை தூங்கும் அறைக்குக் கூரை போடுவார். அவர் நம்மைப் பார்க்கப் போவதில்லை. நாம் எழுதியதை மட்டும்தான் பார்ப்பார்."

தேவிகுளத்தில் கல்லூரிக்காரர்கள் ஒரு பழைய கட்டடத்தின் பின்புறத்தை வாங்கிச் சட்டம் நட்டிருந்தார்கள். அதைக் காவல் பார்க்கவும் கட்டடத்தைக் கூட்டவும் ஒரு அக்காவை வைத்திருந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துத் தோள்பட்டை போனவர். மருமகள் பேரில் கிடைத்த, தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் ஒரு மூலையில் இருந்தார். "இந்த வேல இருக்கப் போய்த்தான் தம்பி மருமவ கையில நிமிந்து ஒரு வாய் காப்பி வாங்கிக் குடிக்கேன்" என்று என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். டாக்டரம்மாவுக்கும் அவருக்கும் ஒரு பொதுச் சொல் கிடையாது. ஆனாலும் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா குடிப்பார்கள். அக்கா தன் தோளைத் தொட்டுக் காட்டுவார், டாக்டரம்மா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார், இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு தகடுகளைக் கழற்ற வேண்டியிருந்தது. உடுமலை, மறையூர் வழியாக ஜீப்பில் ஏறிப் போனோம். டாக்டரம்மா, நான், கல்லூரியில் இதையெல்லாம் நடத்துகிற சார். பின்பக்கம் போய்ப் பார்த்தால் தகடுகள் பளபளவென்று நிற்கின்றன. பாசி இல்லை, கறை இல்லை. அக்கா தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்திருக்கிறார். ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனம், அதன்மேல் எண்ணெயில் குழைத்த குங்குமம். சட்டத்துக்கு வாடாமல்லி மாலை. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பாராட்டுக்காகக் காத்திருக்கிற முகத்தோடு வந்து நின்றார்.

"எந்தாணிது? ஆரா இதில் தொட்டது?" என்று சார் மலையாளத்தில் கத்தியதில் பக்கத்துத் தேயிலைச் சரிவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரையும் தொட விடாதன்னு நீங்கதான சார் சொன்னீக? ஒரு ஈ காக்காய விடல நானு. கொரங்கு வந்துச்சு, வெரட்டுனேன். டூரிஸ்டுப் பயலுக போட்டோப் பிடிக்க வந்தானுக, அவனுகளையும் வெரட்டுனேன். நான் மட்டுந்தேன் தொட்டேன். நான் யாரோவா?" என்றார் அக்கா. சார் தலையில் கை வைத்துக்கொண்டதும் அவர் குரல் தணிந்தது. "மழைன்னும் வெயிலுன்னும் பாக்காம வருசம் பூராம் நிண்டு வேல செய்யுது. அன்னைக்கி ஒரு நாளாச்சும் குளிப்பாட்டிப் பொட்டு வைக்க வேணாமா சார்?"

அவர் என்ன சொல்கிறார் என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். நான் சொன்னேன். அவர் கைகள் பின்னால் கட்டியபடியே இருந்தன. விரல் முட்டிகள் வெளுத்திருந்ததைப் பின்னால் நின்ற நான் பார்த்தேன். தகடுகளைப் பார்த்தபடியே, "அவர் சொல்வது சரி. அவை வேலைதான் செய்துகொண்டிருந்தன" என்றார். பிறகு அக்காவை எப்படித் தேய்த்தார் என்று நடித்துக் காட்டச் சொன்னார். அக்கா காட்டினார். எந்தத் தகட்டை முதலில், எவ்வளவு அழுத்தி, எந்தச் சோப்பு என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு பொட்டையும் படம் எடுத்தார். தொடாமல் தள்ளி நிற்பது அவருக்கு மரியாதை. தொட்டுக் கழுவிக் கும்பிடுவது நமக்கு மரியாதை. இரண்டும் ஒரே சட்டத்தின் முன்னால் வந்து நின்றால் என்ன ஆகும் என்று எந்த நாட்டுக்காரரும் யோசித்திருக்கவில்லை.

கீழே டீக்கடையில் சார் தன் யோசனையைச் சொன்னார். அதே சமயத்தில் செய்த தகடுகள் கஞ்சிக்கோட்டு மாடியிலும் கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றைக் கழற்றித் தேவிகுளத்துத் தகடு என்று அனுப்பினால் யாருக்குத் தெரியும்? அவரைத் திருடர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கூட்டு வேலைக்காகப் பல வருஷம் அலைந்தவர். அவரை நம்பிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இருந்தார்கள். "இத எழுதினா அவங்க சிரிக்கும். இவங்களுக்குச் சயன்ஸ் எதுக்குன்னு சொல்லும்" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. டாக்டரம்மா டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சிரிக்கட்டும். அதையும் சேர்த்துதான் எழுத வேண்டும்" என்றார். அந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் "சரிங்க" சொல்லவில்லை.

எழுதினார். தகடுகள் பண்டிகைக்காகக் கழுவப்பட்டதையும், பொட்டு வைக்கப்பட்டதையும், காவல் பார்த்தவருக்கு இந்தச் சோதனை எதற்கென்று யாரும் விளக்கிச் சொல்லாதது நடத்தியவர்களின் பிழை, தன் பிழை என்பதையும் எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். கம்ப்யூட்டரில் எல்லா நாட்டுக்காரர்களும் முகம் பார்த்துப் பேசினார்கள். யாரும் சிரிக்கவில்லையாம். மிகவும் மரியாதையாகத் தேவிகுளத்தை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த கட்டத்தில் கஞ்சிக்கோடும் இல்லை. டாக்டரம்மா ஊருக்குக் கிளம்பும் முன் கழித்துப் போட்ட தகடுகளில் ஒன்றை என் கையில் கொடுத்தார். "விஞ்ஞானத்துக்கு இது இனி உதவாது. உங்கள் வீட்டு வெயிலில் வையுங்கள். எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்" என்றார். அதுதான் நம் மாடியில் இருப்பது.

அவர் விமானம் ஏறிய பிறகு அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சட்டமே இல்லாத இடத்துக்குக் காவல் எதற்கு என்று காரணம் சொன்னார்கள். அதுவும் நியாயம் போலத்தான் இருந்தது. நான் போனில் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "பிழை என்னுடையது என்று எழுதினேனே, அதை யாரும் படிக்கவில்லையா?" என்று கேட்டார். சாரிடமும் பேசிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் தகட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அக்காவைப் பற்றிக் கேட்பார்.

போன வருஷம் ஒரு கதவு பொருத்தும் வேலையாகக் கம்பம்மெட்டுக்குப் போனேன். அங்கே ஒரு ஏலக்காய்க் கடையின் உள்ளே, தரையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "யாரு, கஞ்சிக்கோட்டுத் தம்பியா?" என்று ஒரு குரல். அக்காதான். மருமகளோடு ஒத்துவரவில்லை, கீழே கம்பத்தில் தங்கச்சி வீட்டில் இருந்துகொண்டு தினமும் ஜீப்பில் மலையேறி வருகிறாராம். இடது கையால் மட்டும் காயைத் தேய்த்துக் காம்பு போக்கிக்கொண்டிருந்தார்.

"இப்பமும் தொடச்சிக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி. இதத் தொடச்சா யாரும் வைய மாட்டாக" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய கதை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார்:

"அந்தம்மா சொகமா இருக்காகளா? என்னையப் பத்தி வெளிநாட்டுப் பேப்பர்ல எழுதுனாகளாமே, சார் திட்டும்போது சொன்னாரு. என்னன்னு எழுதுனாக?"

"உண்மைய எழுதுனாங்கக்கா."

"அது சரிய்யா. நல்லதா எழுதுனாகளா, கெட்டதாவான்னுல்ல கேட்டேன்."

கண்ணுகளா, இரண்டு பேரிடமும் நின்று பேசியவன் நான் ஒருவன்தான். எனக்கே இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. டாக்டரம்மா மறைத்திருந்தால் அது பொய், எங்கேயோ ஒரு கூரை அந்தப் பொய்யின் மேல் நின்றிருக்கும். மறைக்காததால் அக்கா கீழிருந்து மேலே தினமும் ஜீப்பில் தொங்கிக்கொண்டு வருகிறார். அவர் கேட்டதற்கு, "உங்க மேல தப்பு இல்லீன்னு எழுதுனாங்கக்கா" என்றேன். அவர் ஒரு காயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "அப்பறம் ஏன் எனக்கு வேல போச்சு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். புறப்படும்போது ஒரு பிடி ஏலக்காயை மேஸ்திரி பார்க்காத நேரத்தில் என் பையில் போட்டு, "அந்தம்மாவுக்கு அனுப்பி வையி, சாயால போட்டுக் குடிக்கட்டும்" என்றார்.

உங்களை அன்றைக்குத் தடுத்தது இதனால்தான். நீங்கள் கோபித்துக்கொண்டு உங்கள் மாமா வீட்டுக்குப் போன பிறகு, சாயங்கால வெயில் இருக்கும்போதே நான் மட்டும் மாடிக்கு ஏறினேன். நீங்கள் படியில் விட்டுப்போன கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் மிச்சம் இருந்தன. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தகட்டை நன்றாகப் பார்த்தேன். பாசி, தூசி, ஒரு காக்கை எச்சம், நடுவில் அந்த வெளிறிய வட்டம். பிறகு கையை அவிழ்த்தேன். சந்தனத்தைத் தொட்டு, அதன்மேல் குங்குமத்தை, அக்கா வைத்த அதே வட்டத்துக்குள் வெளியே ஒழுகாமல் வைத்தேன். அங்கேயே நின்று அதைப் படம் எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். எனக்கு வந்த இங்கிலீஷில் கீழே எழுதினேன்: இன்று இதை நான் தொட்டேன்.