கருப்பாய்ப் போனால் டானிக் வேலை செய்கிறது

அன்று காலை கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கல்லாவில் முதலாளி ராமு அண்ணன். கவுண்டரில் நான். பெஞ்சில் பேப்பரோடு சொல்தா லூயி. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், பிரஷர் மாத்திரை வாங்க வந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டார். வெளியே காலி மீன் கூடையோடு அஞ்சலை அக்கா. கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் கொண்டுபோய் பெரிய மார்க்கெட்டில் விற்றுவிட்டு, திரும்பும்போது முத்தியால்பேட்டையில் இறங்கி எங்கள் மெடிக்கலுக்கு வருவார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

எட்டாவதோடு படிப்பை விட்டு இந்தக் கவுண்டருக்கு வந்தவன் நான். பயந்த சுபாவக்காரனுக்கு மருந்துக்கடை நல்ல இடமில்லை. நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை கேட்டு ஒருவர் வந்தால் எனக்கும் எரியும். "இவன் வித்த மருந்தைவிட முழுங்கின மருந்துதான் ஜாஸ்தி" என்பார் முதலாளி.

இரும்புச்சத்து டானிக் விற்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. வந்தவர் சோர்வு என்றால் கீழ் இமையை இழுத்துப் பார்ப்போம். வெளுத்திருந்தால் டானிக். நாலு நாளில் அவர் பதறிக்கொண்டு திரும்பி வருவார், வெளிக்கு கருப்பாய்ப் போகிறது என்று. அதற்கும் பதில் தயார்: "கருப்பாப் போனா டானிக் வேலை செய்யுதுன்னு அர்த்தம்." வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளி சொல்லிக்கொடுத்த வாக்கியம். பொய்யில்லை. இரும்பு உள்ளே போனால் அப்படித்தான் போகும். உண்மை என்பதால்தான் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அஞ்சலை அக்கா பல மாதமாக அந்த டானிக்கை விட்டு விட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் கூடையோடு ஓடிப்போய் பஸ் ஏறுகிறவர், இப்போது எங்கள் கடைப் படி ஏறவே மூச்சு வாங்கினார். எனக்கு அதுகூட அன்று பெரிய கவலையாக இல்லை. மருந்துக்கடைகளைச் சோதிக்கிற டிரக் இன்ஸ்பெக்டர் சுற்றுகிறார் என்று பக்கத்துக் கடையில் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர் சீட்டு இருந்தா குடுங்கக்கா" என்றேன்.

"இன்னாடா புதுசா? மீன் வாங்க வர்றவன்கிட்ட நான் சீட்டா கேக்குறேன்?"

"இன்ஸ்பெக்டர் வர்றாராம்."

சொல்தா பேப்பரை இறக்கினார். "இவனை எங்க பட்டாளத்துல சேத்திருந்தா, சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சரண்டர் ஆயிருப்பான்."

"டானிக்குக்கு எவன்டா சீட்டு கேப்பான்? குடுத்து அனுப்பு" என்றார் முதலாளி.

கொடுத்தேன். வியாபாரம் மந்தம், காசு அப்புறம் என்றார் அக்கா. ஆனால் எனக்கு மனசு அடங்கவில்லை. இந்த அம்மாள் எங்கள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மயங்கி விழுந்தால் போலீஸ் யாரைத் தேடி வரும்?

"அடுத்த பாட்டிலுக்காவது ஆஸ்பத்திரில ஒரு சீட்டு எழுதி வாங்கியாந்துடுங்கக்கா."

"எந்த வரிசைல நிக்கணும்னு எனக்கு இன்னா தெரியும்? கேட்டவன் நீதானே, நீயே கூட வா."

போனேன். அவர் உடம்புக்காக இல்லை, சீட்டுக்காக.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, இரண்டாவது முறை போனபோது ரிசல்ட் வந்திருந்தது. பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு. உடம்பில் இரும்புச் சேமிப்பு காலி. அக்கா கொண்டுவந்திருந்த பாட்டிலைப் பார்த்து சின்ன வயது டாக்டரம்மா கேட்டார்:

"டானிக் யார் குடுத்தது?"

"இந்தத் தம்பிதான்" என்று அக்கா பெருமையாக என்னைக் காட்டினார். ஜெயில் கதவு சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது.

டாக்டரம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. "தீட்டு நின்னு எத்தனை வருஷம் ஆச்சு?"

"அது ஆறு வருஷம் இருக்கும்மா."

"அப்ப ரத்தம் எந்த வழியா போவுது? வெளிக்கு கருப்பாப் போவுதா?"

"போவுதும்மா. டானிக் குடிச்சா அப்படித்தான்னு தம்பி சொல்லிச்சு."

"டானிக் குடிக்கிறதுக்கு முன்னாடி?"

அக்கா விரல் மடக்கி மாதங்களை எண்ணினார். "அப்பவும் அப்பப்ப அப்படித்தான் போச்சு. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

டானிக்கை நிறுத்தச் சொல்லி, சில நாள் கழித்து குடலுக்குள் டியூப் விட்டுப் பார்த்தார்கள். வலது பக்கப் பெருங்குடலில் ஒரு கட்டி. சதை எடுத்து டெஸ்ட் செய்ததில் புற்றுநோய் என்று வந்தது. அதிலிருந்துதான் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்தது. வெளியே பரவவில்லை. ஆபரேஷன் செய்து அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். வேறு வைத்தியம் தேவைப்படவில்லை, வருடா வருடம் செக்கப் மட்டும்.

"டானிக்கையே ஒழுங்கா குடிச்சிட்டிருந்தா ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறியிருக்கும். எல்லாரும் சந்தோஷமா இருந்திருப்பீங்க. கட்டி அது பாட்டுக்கு வளந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா.

மறு வாரமே நானும் ஹீமோகுளோபின் பார்க்க ரத்தம் கொடுத்தேன். பதினைந்து. நம்பிக்கை வராமல் வேறு லேபிலும் பார்த்தேன். அங்கேயும் பதினைந்து. அதைச் சொல்லி சொல்தா ஒரு மாதம் சிரித்தார்.

அக்கா உடம்பு தேறி மார்க்கெட்டுக்குத் திரும்பியதும், தம்பிதான் வியாதியைக் கண்டுபிடிச்சான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மீன்காரப் பெண்கள் கூட்டமாக வந்து என் முன்னால் கீழ் இமையை இழுத்துக் காட்டினார்கள். நான் பயத்தில் அத்தனை பேரையும் சீட்டு வாங்கி வரச்சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டானிக் வியாபாரம் படுத்தது. "மெடிக்கல் வச்சிருக்கனா, ஆஸ்பத்திரிக்கு ஆள் புடிக்கிறனா?" என்று முதலாளி கத்தினார். அடுத்த மாதம் அவரே தன் மனைவியை ரத்தம் பார்க்கக் கூட்டிப்போனார்.

இப்போது கவுண்டரில் நிற்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ரத்தம் கம்மி என்று யாராவது வந்தால் டானிக்குக்குக் கை நீட்டுவதற்கு முன், ரத்தம் எங்கே போகிறது என்று டாக்டரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். ஆம்பளை என்றாலும், தீட்டு நின்ற பெண் என்றாலும் கட்டாயம் சொல்லுங்கள். தைரியம் வேண்டாம். பயந்தாலே போதும்.

அன்று வாங்கிய டானிக்கில் முக்கால் பாட்டிலை அக்கா திருப்பிக் கொண்டுவந்தார். "டாக்டரம்மா நிறுத்தச் சொன்னப்ப மிஞ்சினது. எடுத்துக்க."

"உடைச்ச பாட்டிலைத் திருப்பி எடுக்க மாட்டோம்கா. காசு?"

"சீட்டு இல்லாம நீ வித்த மருந்து. அதுக்கு எவ காசு குடுப்பா? வேணும்னா உன் இன்ஸ்பெக்டர்கிட்ட போய்ச் சொல்லு."

அறுபத்திரண்டு ரூபாய். இன்னும் பாக்கி.