கந்தசஷ்டியில் மீன்கடைப் போர்டைக் கழற்றிய கதை

1. பேப்பர் ஒட்டின கடை

எங்கள் சனம் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய வெக்ஸ்போர்ட்டில், உயிரோடு இருந்த ஒரு கடையின் போர்டை நான் ஒருமுறை கழற்றிவிட்டேன். கழற்றியதோடு நிற்கவில்லை. நடுவால் அரிந்து இரண்டு துண்டாக்கினேன். கடைப் போர்டு பூட்டும் சைன் வேலைக்குப் புதிதாக வரும் பெடியள் இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். வேறு ஆட்கள் சொன்னால் நான் அழுததாகவும் சேர்த்துவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பதினோராம் வகுப்போடு விட்டேன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை. அன்றிலிருந்து ஆளை மேலே தூக்கிவிடும் குணம் அண்ணையின் பக்கெற் ட்ரக்கில் வேலை. தொடக்கத்தில் கடைகளுக்குப் போர்டு பூட்டினோம். இப்போது பெரும்பாலும் கழற்றுகிறோம்.

லோறன்ஸ் அவெனியூவில் ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு கடைகள் இருந்தன. வீடியோக் கடை, நகைக்கடை, சாறிக் கடை, போன் கார்ட் கடை. முதலாளிமாரின் பிள்ளைகள் படித்து உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். சனம் பெரிய கடைக்குப் போகத் தொடங்கியது. கட்டடக்காரர் எல்லாவற்றையும் இடித்துவிட்டு, அடுக்குமாடிக் கொண்டோ கட்டக் காத்திருக்கிறார். கடைகள் ஒவ்வொன்றாக இருட்டிக்கொண்டு வந்தன. எங்கள் ட்ரக் பார்க்கிங்குக்குள் திரும்பினாலே சலூன் வைத்திருக்கும் வசந்தன் அண்ணை கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்துவிடுவார்.

"இண்டைக்கு ஆற்ற முறையடா?"

"உங்கட முறைதான் அண்ணை. தலைமயிர் வெட்டி முடியுங்கோ, பொறுத்துக் கழட்டுறம்."

ஒரு ஐப்பசி மாதக் காலையில் வேலைச் சீட்டில் பதினோராம் இலக்கம் என்று இருந்தது. கடைப் பெயர் இல்லை. கதவுகளிலும் இலக்கம் இல்லை, எப்போதோ உதிர்ந்துவிட்டது. குணம் அண்ணை கந்தசஷ்டி விரதம். ஐந்தாம் நாள். பழமும் தண்ணீரும்தான். ட்ரக்குக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நான் இறங்கிப் பார்த்தேன். அந்த மூலையில் இரண்டு கடை பூட்டியிருந்தது. ஒன்றில் கண்ணாடிக்கு உள்ளே பேப்பர் ஒட்டியிருந்தது. எங்கள் தொழிலில் பேப்பர் ஒட்டின கடை செத்த கடை. மேலே பார்த்தால் ரஞ்சி அன்ரியின் மீன்கடைப் போர்டு. இவவும் போய்விட்டாவோ என்று ஒரு நிமிடம் கவலைப்பட்டேன். பிறகு போர்டுக்குக் கரண்ட் போகும் பிரேக்கரை நிறுத்தி, சட்டத்தை நெம்பி, எழுத்துள்ள முகப்பை இழுத்து எடுத்தேன். எட்டு அடி பிளாஸ்டிக் குப்பைப் பெட்டிக்குள் போகாது. அதனால் அரிந்தேன்.

வசந்தன் அண்ணை ஓடிவந்தார்.

"டேய் விசரா, என்னடா செய்யிறாய்? மூடினது பக்கத்துக் கடையடா. அன்ரி சஷ்டிக்கு அடைச்சிருக்கிறா. ஆறு நாளும் மீனில கை வைக்கமாட்டா. உள்ளுக்கு நிண்டு பெயின்ற் அடிக்கிறா."

நான் சிரித்தேன். அவரை நான் ஏமாற்றுவது வழக்கம், இன்றைக்கு அவர் முறை என்று நினைத்தேன். அதற்குள் பேப்பர் ஒட்டின கதவு திறந்தது. ரஞ்சி அன்ரி பெயின்ற் உருளையோடு நின்றா.

"என்ன தம்பி, என்ர போர்டு நிலத்தில கிடக்குது?"

"கழுவ எடுத்தனான் அன்ரி."

"ரெண்டாக்கியோ கழுவுறது?"

2. நகைக்கடையின் முகம்

அன்ரி ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆனால் அதற்குள் அவவின் போன் அடித்தது. பஸ் தரிப்பில் நின்ற யாரோ படம் பிடித்து, மீன்கடையும் மூடியாச்சு என்று அனுப்பிவிட்டார்கள்.

"இல்லைப் பிள்ளை, மூடேல்லை... இல்லை, ஒருத்தருக்கும் விக்கேல்லை..."

நாலு பேருக்குச் சொன்னா. பிறகு பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் இருந்தா.

"தம்பி, நாளைக்குச் சூரன்போர். நாளையிண்டைக்குப் பாறணை, விரதம் முடிச்சு மரக்கறிச் சோறு. அதுக்கு அடுத்த நாள் விடியத்தான் சனம் வரும், ஆறு நாள் வாயைக் கட்டின சனம். அதுக்கெண்டு நண்டும் விளைமீனும் சொல்லி வைச்சிட்டன். போர்டு இல்லாட்டி நேரா பெரிய கடைக்குப் போயிடுவினம். ஒருக்கா அங்க பழகினால் திரும்ப இஞ்ச வரமாட்டினம். இந்த வரிசையில எல்லாரும் அப்பிடித்தான் போனவை."

நான் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன்.

புது முகப்பு அடித்து வரப் பத்து நாள் ஆகும். குணம் அண்ணை மெதுவாக இறங்கி வந்து இரண்டு துண்டையும் பார்த்தார்.

"உன்னை ஏச எனக்கு இப்ப தெம்பில்லை. ட்ரக்கை யார்டுக்கு விடு."

எங்கள் யார்டில், இந்த வரிசையில் கழற்றிய முகப்புகள் சுவரோடு சாய்ந்து நிற்கும். கட்டடக்காரர் அந்தக் காலத்தில் பன்னிரண்டு கடைக்கும் போர்டு லைற் பெட்டியை ஒரே அளவில் செய்வித்தவர். எந்தக் கடையின் முகப்பும் எந்தக் கடைக்கும் பொருந்தும். வீடியோக் கடையினது வெடித்திருந்தது. சாறிக் கடையினது மஞ்சளாகிவிட்டது. நகைக்கடையினது மட்டும் நல்ல தடிப்பு. எழுத்தைச் சுரண்டி, தேய்த்துக் கழுவி, பின்பக்கத்தை முன்பக்கமாகத் திருப்பினோம். சிவப்பு ஸ்ரிக்கரில் 'மீன்கடை' என்று பெரிதாக வெட்டி ஒட்டினோம். பக்கத்தில் ஒரு மீனை நானே வரைந்தேன். குணம் அண்ணை வாழைப்பழத்தை உரித்தபடி அதைப் பார்த்தார்.

"உது மீனோ, செருப்போ?"

"விரதக்காரர் மீனைப் பாக்கக் கூடாது அண்ணை."

பாறணையன்று பின்னேரம் போய்ப் பூட்டி லைற்றைப் போட்டோம். சிவப்பு எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அதற்குப் பின்னால் மங்கலாக, இடம்வலம் மாறி, நகைக்கடையின் பெயரும் தெரிந்தது. சுரண்டிய எழுத்தின் பசை போகவில்லை.

"உதென்ன தம்பி, மீனுக்குப் பின்னால?"

"நகைக்கடை அன்ரி. நல்லாத்தான் சுரண்டினனான்."

அன்ரி கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றா.

"இருக்கட்டும். அந்த மனுசனும் சனிக்கிழமையில என்னட்டத்தான் மீன் வாங்கினவர்."

மறுநாள் வெளிச்சம் வர முதலே நானும் குணம் அண்ணையும் பார்க்கிங்கில் ட்ரக்கை விட்டுக் காத்திருந்தோம். அன்ரி ஐஸ் கொட்டி, நண்டைப் பரப்பி, கதவைத் திறந்தா. ஏழரை வரை ஒருவரும் இல்லை. குணம் அண்ணை என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு கார் வேகம் குறைத்தது. பிறகு எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அந்தக் கார் அடுத்த சிக்னலில் திரும்பி மற்றப் பக்கத்தால் உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது.

ஒரு வயதான அங்கிள் இறங்கி, மேலே எரிந்த போர்டைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, மீனும் இப்ப பவுண் விலையோ?"

"நீங்கள் உள்ளுக்கு வாங்கோ, செய்கூலி இல்லாமல் தாறன்" என்றா அன்ரி.

பத்து மணிக்கு நண்டு முடிந்தது. விளைமீன் அதற்கு முன்னமே போய்விட்டது. மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றைக்கு அன்ரி தந்த மீன் பொரியலை ட்ரக்குக்குள் இருந்து முள்ளும் மிஞ்சாமல் சாப்பிட்டேன். குணம் அண்ணை தெம்பு வந்து ஏசினார். அதுவும் ருசியாகத்தான் இருந்தது.

3. கதவைத் தட்டு

சைன் வேலைக்கு வரும் தம்பிமாருக்கு நான் சொல்லுவது இவ்வளவுதான். சீட்டை நம்பாதே, பேப்பரை நம்பாதே. பிரேக்கரில் கை வைக்க முதல் கதவைத் தட்டிக் கேள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

போன மாதம் அதே வரிசையில் போன் கார்ட் கடையின் கதவைத் தட்டினேன்.

"ஐயா, கடை மூடுறது உண்மையோ? உங்கட வாயால சொன்னாத்தான் கழட்டுவன்."

அவர் மேசையில் கிடந்த கார்ட்டுகளை ஒன்றாக அடுக்கி வைத்தார்.

"ஓம் தம்பி, மூடுறன். ஆறு மாசமா எல்லாரும் தங்களுக்குள்ளதான் கதைச்சவை. என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை."

சொன்ன பிறகு அவருடைய முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் மேலே ஏறி முகப்பை இறக்கினேன். கீழே நின்று இரண்டு கையாலும் அவரே வாங்கிக்கொண்டார்.