இருபது நிமிடத் தூக்கம்

கன்ஷாயிம் அக்கா என் வேனின் அடியில் குனிந்து புகைக்குழாயை முகர்ந்துகொண்டிருந்தார். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். குழாய்க்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்தார்; நகக்கண் வரை கரி. அதை வண்டிக்காரரின் கன்னத்தில் தடவிவிடுவது அவர் வழக்கம். எனக்கும் தடவினார்.

"எட்டு கிலோவாட் ஹீட்டரா? ரெண்டு பேருக்கு டீ போடக் கல்யாண அண்டாவ ஏத்தி வச்சிருக்கியே, தங்கச்சி!"

எங்கள் நரீன் ஊர்ச் சந்தைக்குப் பின்னால், ஒரு பழைய கண்டெய்னருக்குள் அக்கா டீசல் ஹீட்டர்களைப் பழுதுபார்க்கிறார். பதினெட்டு வருடம் எல்லைக் கணவாயில் லாரி ஓட்டியவர். ஹீட்டர் வாங்க வருபவரிடம் வண்டியின் அளவைக் கேட்கமாட்டார். "உள்ள எத்தன பேரு தூங்குவீங்க?" என்றுதான் கேட்பார்.

வாங்கும்போது நான் அவரிடம் போகவில்லை. ஹீட்டர் கையேட்டை கிர்கிஸ் மொழியில் ஒருமுறை, ரஷ்ய மொழியில் ஒருமுறை படித்துவிட்டு, இருப்பதிலேயே பெரியதை வாங்கினேன். போதாக்குறைக்கு, வேனை எங்கள் கோடைக் கூடாரமாக நினைத்து, அடிப்பக்கம் முழுக்க ஆட்டுரோமக் கம்பளம் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தேன். ஹீட்டர் காற்று இழுக்கும் குழாயும் அதற்குள்தான். மறுநாள் தாவர ஆய்வாளர்கள் இருவருக்கு மொழிபெயர்ப்பாளராக, மலைமேல் இருக்கும் சோங்-கோல் ஏரிக்குப் போகவேண்டும். மூவரும் அந்த வேனில்தான் தூங்கவேண்டும்.

"ரெண்டு மொழி படிச்ச புள்ள. ஹீட்டருக்கும் மூச்சு விடணும்னு ஒண்ணுலகூடப் போடலியா?"

இரண்டிலும் போட்டிருந்தது. நான் கன்னத்தைத் துடைப்பதில் மும்முரமானேன்.

கம்பளத்தை அறுத்துப் போட்டு, பெரியதைக் கழற்றி, சிறியதைப் பொருத்தினார். "பெருசு எப்பவும் சின்னத் தீயிலயே கெடக்கும். அரைகுறையா எரிஞ்சா கரிதான். மேல காத்து வேற கம்மி, அதான் டீசலக் கொறச்சிருக்கேன். தெனம் அரை மணி நேரம் முழுசா எரிய விடு. பொத்தான்ல அணை. பேட்டரி ஒயரப் புடுங்குற கழுதைங்களும் இருக்கு."

அந்தக் கழுதை பணிவாகத் தலையாட்டியது.

பழுதுபார்த்த வண்டியை அவர் உடனே தருவதில்லை. ஹீட்டரை எரியவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இருபது நிமிடம் உள்ளே படுத்துப் பார்ப்பார். பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்தார். சமையலறை மணிக்கூட்டை இருபது நிமிடத்துக்குத் திருகினார். விஷப்புகை வந்தால் அலறும் கருவியைக் காதருகே மாட்டினார்.

"இது கத்தும். நீ கத்தாத."

சாத்திய கதவுக்கு வெளியே ஏழு நிமிடம் பொறுத்தேன். சீராக வந்துகொண்டிருந்த குறட்டை திடீரென நின்றது. ஊரில் யாரும் என் குரலை உரக்கக் கேட்டதில்லை. அன்று கதவை இரு கையாலும் அடித்து, நான் படித்த எந்த மொழியிலும் இல்லாத ஒரு சத்தத்தை எழுப்பினேன். சந்தையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கதவு திறந்தது.

"பொரண்டு படுத்தேன்டி! பொரண்டு படுக்கக் கூடாதா?"

"கருவி கத்தலையே அக்கா. போதும், வந்துடுங்க."

"மலையில நீங்க மூணு பேரும் ஏழு நிமிஷந்தான் தூங்கப்போறீங்களா? கதவத் தொறக்க வச்சு உள்ள இருந்த காத்தையும் மாத்திட்ட."

மணிக்கூட்டை மறுபடி இருபதுக்குத் திருகி, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்.