அக்காவின் இலையில் வைத்த பிராந்தி

எங்கள் அக்கா முருகலட்சுமியின் கருமாதி அன்று அவளுக்குப் போட்ட இலையில், பணியாரத்துக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் நடுவில் ஒரு குவாட்டர் பிராந்தி பாட்டில் நின்றது. கொண்டுவந்து வைத்தவர் அவள் புருசன் ரத்தினம், என் அத்தான். சொந்தபந்தம் மொத்தமும் கூடி நின்ற இடத்தில், பட்டப்பகலில் வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அந்தப் பாட்டில் எங்களை ஏன் அப்படி உலுக்கியது என்று புரியும்.

அத்தானுக்குப் பரளச்சியில் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழைக்குக் கொத்தமல்லி விதைப்பார், மக்காச்சோளம் போடுவார், மழை ஏமாற்றினால் ஆடு மேய்ப்பார். அதிகம் பேசமாட்டார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், கூப்பிட்டால் வருவார். கோபம் என்பது அந்த உடம்பில் எந்த மூலையில் கிடக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. நான் அவருக்கு நேர்மாறு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற வீட்டில் வாக்கப்பட்டு, நாளெல்லாம் ஆட்களோடு மல்லுக்கட்டுகிறவள் நான். மனதில் பட்டதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அத்தானிடம் ஒரே ஒரு குறை உண்டு என்று ஊர் சொல்லும். கார்த்திகை பிறந்து பனி இறங்க ஆரம்பித்ததும் பஸ்ஸேறித் திருச்சுழிக்குப் போவார். சரக்குக் கடையில் ஒரு குவாட்டர் பிராந்தி வாங்கி மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவார். அது தீர்ந்ததும் மறுபடி போவார். மாசி முடிகிற வரைக்கும் இப்படித்தான். வெயில் ஏறிவிட்டால் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். ஊரில் அவருக்குப் ‘பிராந்தி ரத்தினம்’ என்று பேரே வைத்துவிட்டார்கள்.

மற்றவர்கள் குடிக்காமலா இருந்தார்கள்? டீக்கடை பெஞ்சில் இதற்கென்றே ஒரு பட்டிமன்றம் நடக்கும். வெயிலுக்கு பீர்தான் என்பதில் எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம். சிலுசிலுவென்று காற்று திரும்பியதும் கட்சி பிரிந்துவிடும். ரம்மில் வெந்நீர் ஊற்றி, மிளகு தூவின ஆம்லெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போர்வையே வேண்டாம் என்பது ஒரு கட்சி. பிராந்திதான் நெஞ்சுச் சளிக்கு மருந்து, மற்றதெல்லாம் வெறும் போதை என்பது இன்னொரு கட்சி. என் தம்பி மாரிக்கண்ணன் ரம் கட்சிக்குத் தலைவன். மல்லாங்கிணற்றில் இருக்கிறான். மேகம் கறுத்தாலே அவனுக்குத் தொண்டை காய்ந்துவிடும். கேட்டால், “நான் கம்பெனிக்குத்தான்க்கா” என்பான். அந்த யோக்கியன்தான் அத்தானை வாய்க்கு வாய் குடிகாரன் என்று ஏசுவான். நாலு பேரோடு உட்கார்ந்து குடித்தால் அது குடியில்லையாம், வீட்டுக்குக் கொண்டுபோய் ஒளிந்து குடிக்கிறவன்தான் குடிகாரனாம். என்ன நியாயமோ!

நானும் சும்மா இருந்தவளில்லை. ஒரு மார்கழியில் அவர்கள் வீட்டில் போய்த் தங்கினேன். அடுப்படி முழுக்கப் பிராந்தி வாடை. “ஏன் அத்தான், வீட்ல கொமரிப் புள்ளைய வச்சுக்கிட்டு இப்பிடிப் பண்றீகளே, வெக்கமா இல்லையா?” என்று கேட்டேவிட்டேன். அவர் சிரித்தார். “குளிருது கொழுந்தியா” என்றார், அவ்வளவுதான். அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. பாவம், புருசனால் மானம் போகிறதே என்று மனதுக்குள் புழுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பேரால் ஒரு பெரிய சேதமும் வந்தது. அவர்களுக்கு ஒரே மகள், தங்கச்செல்வி. அவளுக்கு அருப்புக்கோட்டையில் ஒரு நல்ல சம்பந்தம் கூடி வந்தது. கொண்டுவந்தவளே நான்தான். பூ வைக்க நாள் பார்த்த பிறகு, “பொண்ணோட அப்பா குடிக்கிறவுகளாம்ல” என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். தங்கச்செல்வி அந்தப் பையனை மனதில் வைத்துவிட்டாள் போல, அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு வேறு இடத்தில் கலியாணம் ஆனது. நல்லபடியாகத்தான் இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அப்பாவோடு பேச்சை நிறுத்தியவள் நிறுத்தியவள்தான். ஊருக்கு வந்தால் அம்மா மடியில் படுத்துக் கிடப்பாள், அப்பா வாசலில் தலைகாட்டினால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அத்தான் வாசலிலேயே செருப்பைச் சத்தமாக உதறிவிட்டு உள்ளே வருவார், அவள் எழுந்து போக வசதியாக.

இந்தக் கார்த்திகையில் மல்லிக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த அக்கா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அறுபதுகூட ஆகவில்லை அவளுக்கு.

கருமாதியில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம். செத்தவர்களுக்கு என்னென்ன பிடிக்குமோ எல்லாவற்றையும் இலையில் வைத்துப் படைக்கவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அவர்கள் மனக்குறையோடு போவார்கள் என்பார்கள். பீடிக்கட்டு வைத்த இலை பார்த்திருக்கிறேன், சீட்டுக்கட்டு வைத்த இலையும் பார்த்திருக்கிறேன். குடித்துச் செத்த ஆம்பிளைகளுக்குப் பாட்டில் வைப்பது ஊரறிந்த சங்கதி. ஒரு பொம்பிளையின் இலையில் வைத்து யாரும் பார்த்ததில்லை.

அக்காவுக்குப் பிடிக்குமே என்று நான் கருப்பட்டிப் பணியாரம் சுட்டேன். தங்கச்செல்வி அழுதுகொண்டே கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தம்பி காரச்சேவு வாங்கி வந்தான். பூ, வெற்றிலை, புதுச்சேலை, கண்ணாடி வளையல் எல்லாம் வைத்தாயிற்று. சூடம் கொளுத்தவேண்டிய அத்தானை மட்டும் காணோம். ரொம்ப நேரம் பார்த்தோம். கடைசியில் யாரோ வந்து, அவர் திருச்சுழி பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

மாரிக்கண்ணனுக்கு வந்ததே ஆத்திரம்!

“பொண்டாட்டி கருமாதி அன்னைக்குமா ஒரு மனுசன் குடிக்கப் போவான்? வரட்டும். இன்னைக்கோட இந்த வீட்டு உறவ அத்து விட்ருவோம். தங்கம், நீயும் எங்ககூடவே கெளம்பிரு. இனிமே இந்த வாசல மிதிக்கக் கூடாது.”

தங்கச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி மாமா” என்றாள். அவளும் போய்விட்டால் அந்த மனுசனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கக்கூட நாதி கிடையாது. ஆனாலும் நான் தடுக்கவில்லை. எனக்கும் அவ்வளவு எரிச்சல்.

அப்போதுதான் மஞ்சப்பையோடு உள்ளே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக இலைக்கு முன்னால் குனிந்து பாட்டிலை எடுத்து வைத்தார். தம்பி பாய்ந்துபோய் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான்.

“யோவ் மச்சான்! எங்கக்கா இலையில உம்ம பாட்டில வைக்கிறீரே, உமக்கெல்லாம் மனசாட்சியே கெடையாதா?”

“இது என் பாட்டில் இல்ல மாப்ள. ஒங்க அக்காளோடது” என்றார் அத்தான்.

என்னது? அக்காவோடதா? கோயிலுக்குப் போகாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத எங்கள் அக்காவோடதா?

அவர் சட்டையை விடுவித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். வெந்நீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. அக்காவுடைய எவர்சில்வர் டம்ளரில் வெந்நீரோடு கருப்பட்டியும் மிளகுத்தூளும் கலக்கிக் கொண்டுவந்தார். பாட்டிலைத் திறந்து அதில் கொஞ்சம் ஊற்றினார், அளவு தெரிந்த கை. இலைக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

“தங்கம் பொறந்தது மார்கழியில. பெத்த ஒடம்பு வெடவெடன்னு நடுங்குச்சு. மருத்துவச்சி வெந்நியில கருப்பட்டியும் மெளகும் போட்டு, ஒரு மூடி பிராந்தி ஊத்திக் குடுத்தா. நடுக்கம் நின்னுபோச்சு. மறுவருசம் பனி எறங்கவும், ‘அது இன்னொரு தடவ கெடைக்குமா’ன்னு ஒங்க அக்கா கேட்டா. சின்னப்புள்ள முட்டாய் கேக்குற மாதிரி கேட்டா. வாங்கியாந்தேன். நாள் பூரா ஈரக்காட்டுல நின்னுட்டு வந்து, அடுப்புக்கிட்ட உக்காந்து இந்தக் கால் டம்ளரக் குடிப்பா. குடிச்சுட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பா. இம்புட்டுத்தான் மாப்ள. வெயில் வந்துட்டா ஏறெடுத்தும் பாக்க மாட்டா.”

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, கத்திவிட்டேன்.

“அந்தச் சம்பந்தம் நின்னப்பவாச்சும் ஒரு வார்த்தை சொன்னீகளா? அக்காதான் வாயத் தெறந்தாளா? புள்ள கண்ணு முன்னாடி அழுதாளே!”

“சொல்லத்தான் கெளம்புனா. நான்தான் கையப் புடிச்சு உக்கார வச்சேன். ஆம்பள குடிச்சா குடிகாரன்னு சொல்லிட்டுப் போயிருவாக. பொம்பள குடிச்சான்னா என்னென்ன பேசுவாக கொழுந்தியா? அத எம்புள்ள காதால கேக்கணுமா?”

“அப்ப இன்னைக்கு மட்டும் எதுக்கு இத்தன பேர் மத்தியில சொல்றீக?”

“வேற யாரும் வைக்க மாட்டீகளே. அவளுக்கு இது புடிக்கும்னு எனக்கு மட்டுந்தான தெரியும்.”

எனக்கு அந்த மார்கழியின் அடுப்படி வாடை ஞாபகம் வந்தது. அக்கா நிமிராமல் அடுப்பை ஊதியது ஞாபகம் வந்தது. அடி பாதகத்தி, கூடப் பிறந்தவளிடம்கூடவா மறைப்பாய்?

ஆனால் மாரிக்கண்ணன் அசையவில்லை. அவன் முகம் இன்னும் சிவந்துபோனது.

“செத்தவ எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்ல மாட்டாங்கிற தைரியமா? உம்ம குடிய எங்கக்கா தலையில கட்டுறீரா? எவன் நம்புவான் இந்தக் கதைய? தங்கம், ஒன் துணிமணிய எடு!”

கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆடின. எனக்கே அரைமனதுதான். தங்கச்செல்வி சுவரில் சாய்ந்து நின்று அப்பாவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், அசையவில்லை. அத்தான் சூடத்தைக் கொளுத்தினார், விழுந்து கும்பிட்டார்.

“அந்தக் கருமத்தத் தூக்கித் தெருவுல கொட்டுங்க” என்று தம்பி டம்ளரைக் காட்டினான்.

“படைச்சதக் கொட்டக் கூடாது மாப்ள. வீட்டாளுகதான் சாப்பிடணும்.”

சொல்லிவிட்டு டம்ளரை எடுத்தார். ஒரு நிமிசம் அதற்குள் பார்த்தார். பிறகு மோர் குடிக்கிற மாதிரி அண்ணாந்து, கடகடவென்று மொத்தத்தையும் வாயில் ஊற்றிக்கொண்டார்.

அடுத்த நிமிசம் நாங்கள் எல்லாரும் பதறிப்போனோம். மனுசனுக்குப் புரையேறிவிட்டது. பாதி வாய் வழியாக, பாதி மூக்கு வழியாக வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமுகிறார், கண் பிதுங்குகிறது, முகமெல்லாம் தண்ணீர். எண்ணெய் மருந்து புகட்டின குழந்தை மாதிரி உடம்பு சிலிர்த்துக் குலுங்குகிறது. “எரியுது… எரியுதே…” என்று நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு இலைக்கு முன்னால் மண்டிபோட்டுவிட்டார்.

மாரிக்கண்ணன் அவரைப் பார்த்தபடி நின்றான். அவன் கண்ணுக்கு இது தெரியாமல் போகுமா? அத்தனை வருசம் எத்தனை பேரோடு உட்கார்ந்து எத்தனை டம்ளர் பார்த்தவன் அவன்! முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகக் குனிந்தான்.

“மச்சான்… நீங்க இதுக்கு முந்தி வாயில வச்சதே இல்லையா?”

அத்தான் இருமிக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டினார். தம்பி அவர் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்து, சின்னப்பையன் மாதிரி விசும்பினான்.

தங்கச்செல்வி எப்போது ஓடிவந்தாள் என்று நான் பார்க்கவில்லை. அப்பாவின் உச்சந்தலையில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள். புரையேறினால் வீட்டில் எல்லாரும் சொல்கிறதைத்தான் அவளும் சொன்னாள்.

“ஒண்ணுமில்லப்பா… ஒண்ணுமில்ல… யாரோ நெனைக்கிறாகப்பா.”

அத்தான் இருமலுக்கு நடுவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யாரோ இல்லத்தா” என்றார்.