மீன்தொட்டியில் ஒரு சொட்டு மருந்து

பழைய மீன்தொட்டி வாங்குகிறவனுக்கு மீன் கொஞ்சமாகவும் பூச்சி நிறையவும் கிடைக்கும். இதை விற்றவனும் சொல்லவில்லை, வாங்கும்போது பக்கத்தில் நின்று தலையாட்டியவர்களும் சொல்லவில்லை.

கல்முனையில் ஒரு ஃபோன் கடைக்காரர் கடையைப் புதுப்பிக்கும்போது வாசலில் இருந்த தொட்டியை விற்றார். கல், செடி, காற்று மோட்டார், மீன்கள் எல்லாவற்றோடும் வாங்கி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு நிந்தவூருக்கு வந்தேன். கொஞ்ச நாளில் கண்ணாடி முழுக்கக் கடுகளவு நத்தைகள் ஊர்ந்தன. அதற்குப் பிறகு வெள்ளை நூல் மாதிரிப் புழுக்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் மீனைப் பார்க்கவில்லை, புழுவைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். நான் அக்கரைப்பற்றில் இருந்து வந்தவன். வந்து பல வருஷமாகியும் ஹோலில் இருக்கிற கதிரை, அலுமாரி, சுவர்க் கடிகாரம் எதுவும் என்னுடையதில்லை. எங்கே எது இருக்க வேண்டும் என்பது நான் வருவதற்கு முன்பே தீர்மானமாகியிருந்தது. நானாகக் கொண்டுவந்து நானாக இடம் பார்த்து வைத்த ஒரே பொருள் இந்தத் தொட்டி. அதனால்தான் அதில் ஒரு நத்தை ஏறினாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பூச்சி வருவது அழுக்கால் அல்ல, மிஞ்சிய தீனியால் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன பயன்? போகிற வருகிற எல்லோரும் மீனுக்குப் பிஸ்கட் தூள் போட்டார்கள். கேட்டால், வாயில்லாப் பிராணி, பாவம் என்பார்கள். நான் பின்னேரத்தில் வெள்ளரித் துண்டு ஒன்றைத் தொட்டிக்குள் போட்டுவைப்பேன். காலையில் அதில் அப்பிக்கிடக்கும் நத்தைகளோடு தூக்கி எறிவேன். குழாயை வாயால் உறிஞ்சிக் கல்லுக்குள் கிடக்கும் ஊத்தையை இழுப்பேன். அந்தத் தண்ணீர் எத்தனையோ தரம் தொண்டைக்குள் போயிருக்கிறது. மெல்ல மெல்லப் புழு குறைந்து வந்தது. கறுப்பு மொலி மீன் ஒன்று வயிறு பருத்துக் குஞ்சு போடும் நிலையில் இருந்தது.

தண்ணீர்தான் பெரிய கரைச்சல். கிணற்றுத் தண்ணீர் கடலுக்குக் கிட்ட என்பதால் உவர்ப்பு. பைப் தண்ணீரில் குளோரின் மணக்கும். அதை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால்தான் மீனுக்கு ஆகும். நான் பிடித்து வைப்பேன், மனைவியின் உம்மா, என் மாமி, கீழே ஊற்றிவிடுவார். டெங்கு பார்க்க ஆட்கள் வருவார்கள், தேங்கிய தண்ணீர் இருந்தால் வழக்குப் போடுவார்கள் என்பது அவருடைய நியாயம். வலைத்துணியால் மூடி வைக்கிறேன் என்றேன். ஓம் என்றார். அடுத்த நாளும் வாளி கவிழ்ந்து கிடந்தது.

பிறகொரு நாள் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், தொட்டிக்கு முன்னால் மனைவியின் தம்பி சிரித்துக்கொண்டு நிற்கிறான். வட்டை வயலில் வேளாண்மை செய்கிறவன். நெல்லுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் அவன் மோட்டார் சைக்கிளில் எப்போதும் தொங்கும்.

"மச்சான், ஒரு சொட்டுத்தான் உட்டன். பாருங்க, ஒரு பூச்சி மிச்சமில்ல."

உண்மைதான். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. நத்தைகள் எல்லாம் கீழே உதிர்ந்து கிடந்தன. மீன்கள் சரிந்து, வாயைத் திறந்து திறந்து மூடின. மொலி தலைகீழாகச் சுழன்றுகொண்டிருந்தது. பூச்சி என்றால் மருந்து, அதற்கு மேல் ஒரு யோசனை கிடையாது அவனுக்கு. பூச்சி சாகிற தண்ணீரில் மீன் என்ன செய்யும் என்று கேட்கிற அளவுக்கு மூளையைக் கசக்கியிருக்க வேண்டாமா?

வாளித் தண்ணீருக்கு ஓடினேன். வாளி கவிழ்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் பைப்பைத் திறந்து நேரே பிடித்து, மீன்களை அதற்குள் மாற்றினேன். மருந்தில் மிஞ்சிய உயிரைக் குளோரின் பார்த்துக்கொண்டது. மொலியும் போனது.

அப்போதுதான் கத்தினேன். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் நான் சத்தம் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. தம்பியைப் பார்த்துக் கத்தினேன், கவிழ்ந்த வாளிக்காகக் கத்தினேன், பிஸ்கட் போட்டவர்களை எல்லாம் பேர் சொல்லிக் கத்தினேன். அவன் புது மீன் வாங்கித் தருகிறேன் என்று முணுமுணுத்தான். அது கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது. மாமி வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மருமகன், மெல்லக் கதைங்க. இது பொம்புளப் புள்ளட வூடு. ரோட்டால போற ஆக்கள் என்ன நினைப்பாங்க?"

குசினிக்குள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி வந்தாள். இதுவரை எந்தப் பக்கமும் பேசாதவள், தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"உம்மா, இது எண்ட வூடு. எண்ட வூட்டுல அவர் கத்தட்டும்."

தம்பி போத்தலை எடுத்துக்கொண்டு நழுவினான். அவள் எனக்காகத்தான் பேசினாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் செத்த மீன்களைப் பார்த்தபோதுகூட வராத அளவு ஆத்திரம் அந்தச் சொல்லைக் கேட்டபோது வந்தது. இனி யாரைப் பார்த்துக் கத்துவது? கத்துவதற்கும் இப்போது அந்த வீட்டின் அனுமதி கிடைத்துவிட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டித் தண்ணீரை வாளியில் இறைத்தேன். விஷத் தண்ணீர், கண்ட இடத்தில் கொட்ட முடியாது. பின்பக்கம் கிணறு, முன்பக்கம் மாமியின் மரக்கறிப் பாத்தி. வாளியைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு குசினி வாசலுக்குப் போய், இதை எங்கே ஊற்றட்டும் என்று அவளிடம் கேட்டேன்.