மட்டக்கம்போடு கண்ணாடிக்கடைக்கு

வளைந்து தெரிவதை வளைந்து தெரிகிறது என்று சொல்ல என் பெரியம்மா யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் மாட்டார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் அத்தனை பேரும் அவளுக்குச் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: "பழகிரும்."

கண்புரை அறுத்து வந்திருந்தாள். கண்ணுக்குள்ளேயே புது வில்லை வைக்கிற வித்தை அப்போது எங்கள் மலைக்கு ஏறி வரவில்லை. மங்கியதை எடுத்துவிட்டு, ஈடாக மூக்கின்மேல் தடித்த கண்ணாடி ஏற்றச் சீட்டு எழுதி அனுப்பினார்கள்; சீட்டைக் காட்டி ஹட்டன் கடையில் கண்ணாடி வாங்கினாள். அதைப் போட்ட நாள்முதல் எங்கள் ஒற்றையறைக் காம்பரா வாசல் இடுப்பில் ஒடுங்கி மேலும் கீழும் விரிந்தது. பக்கத்தில் வந்தவர்கள் ஓரத்தில் மறைந்து, திடீரென்று மூக்குக்கு முன்னால் முளைத்தார்கள்.

"அடியே, நம்ம வாசக்கால யாருடி பிடிச்சு முறுக்குனது?" என்று என்னைக் கேட்பாள். நான் சிரிப்பேன். அவள் சிரிக்கமாட்டாள்.

சிரிக்க முடியாத காரணம் மலையில் இருந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் தேயிலைச் செடியின் தலையில் நீளமான மட்டக்கம்பைக் கிடத்தி, கம்புக்கு மேலே எட்டிப்பார்க்கும் கொழுந்தை மட்டும் கிள்ளுவார்கள். செடி பலகை போல மட்டமாக இருக்கவேண்டும். பெரியம்மாவுக்கோ கம்பே வில்லாய் வளைந்தது. வில்லை நம்பிக் கிள்ளினாள். செடி மேடும் பள்ளமுமாய் நின்றது.

"என்னாத்தா, செடிக்கு முடி வெட்டுறியா, மொட்டையடிக்கிறியா?" என்றார் கங்காணி. கணக்கப்பிள்ளை அப்படியெல்லாம் வேடிக்கை பேசவில்லை. மாதக் கடைசிக்குள் மட்டம் சரிவராவிட்டால் வேலைப் பதிவில் பேர் வெட்டு என்றார். காம்பரா அவள் பேரில் இருந்தது. அவளுக்குக் கீழே அம்மா, நான், தம்பி. பேர் போனால் கூரையும் போகும்.

ஆஸ்பத்திரியில் சீட்டைக் கொடுத்த தாதி, இது சாதாரணக் கண்ணாடியில்லை, ஓரத்துக்குப் போகப்போக வளைவு தணிகிற கண்ணாடி, கோடு அவ்வளவாகக் கோணாது என்று சொல்லியிருந்தாளாம். எழுத்துத் தெரியாத பெரியம்மா அந்த ஒரு சொல்லைக் கையெழுத்துப் போட்ட பத்திரம் போலப் பிடித்துக்கொண்டாள்.

"கோணுது. அப்ப இது அந்தக் கண்ணாடி இல்ல."

"டாக்டருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்," என்றாள் அம்மா.

"டாக்டரா இதப் போட்டுக்கிட்டு கொழுந்தெடுக்கப் போறாரு?"

ஞாயிற்றுக்கிழமை மட்டக்கம்பையும் என்னையும் தூக்கிக்கொண்டு லிந்துலையில் பஸ் ஏறினாள். கம்பு எல்லார் முழங்காலையும் விசாரித்தது. "யார அடிக்கப் போறீங்க ஆத்தா?" என்றான் ஒருவன். "கேள்வி கேக்குறவன," என்றாள். நான் ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிக்கொண்டேன். பத்து வயதில் வெட்கம் ஒரு காய்ச்சல்.

ஹட்டன் கண்ணாடிக்கடையில் அந்தக் காய்ச்சல் முற்றியது. எங்கள் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் மகளும் அங்கே நின்றாள். என் வகுப்பு, எனக்கு முன் வாங்கில் உட்காருகிறவள். ஒவ்வொரு பிரேமாகப் போட்டு அப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தவள், கம்பைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

பெரியம்மா கம்பைக் கடை மேசைமேல் கிடத்தினாள். கண்ணாடியைக் கழற்றி, கம்புக்கு மேலே நாலு விரல் உயரத்தில், வில்லையின் ஓரம் கம்பில் படும்படி பிடித்தாள்.

"பாருங்க நானா. கம்பு நேரா, கோணலா?"

கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்) நல்ல மனிதர். அதனாலேயே அவரும் சொன்னார்: "பழகிரும்மா. கொழும்புல அரைச்சு அனுப்புனது."

"அனுப்புனவன் மாத்தி அனுப்பியிருந்தா?"

நானா சங்கடத்தோடு என் பக்கம் திரும்பினார். "நீ சின்னக் கண்ணு. நீ பாத்துச் சொல்லு புள்ள, வளையுதா?"

குனிந்தேன். வளைந்தது. வேலிக்கம்பியில் மாடு சாய்ந்தது போல அப்பட்டமாக வளைந்தது. கிளாக்கர் மகளின் பார்வை என் பிடரியில் இருந்தது.

"வளையல," என்றேன்.

பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை; கிளாக்கர் மகளை ஒருதரம் பார்த்தாள். "புள்ளயக் கேக்காதீங்க நானா," என்றாள். "அது நாளைக்குப் பள்ளிக்கூடம் போவணும். அளக்கிற சாமான் ஏதாச்சும் வச்சிருப்பீங்கள்ல, அதக் கேளுங்க."

மேசை லாச்சியைத் திறந்து அடியிலிருந்து நானா ஒன்றை எடுத்துத் தூசி துடைத்தார். கைக்கடிகாரம் போல முகம், கீழே மூன்று கால்கள். வில்லையில் வைத்தால் நடுக்கால் உள்ளே அமுங்கும். வளைவு எவ்வளவோ அவ்வளவுக்கு ஊசி திரும்பும்.

"ஓரத்துல வளைவு தணியிற கண்ணாடின்னா, நடுவுல இருந்து தள்ளத் தள்ள ஊசி எறங்கணும்," என்றார். "பந்து மாதிரி ஒரே வளைவா அரைக்கிறது லேசு, தேய்க்கத் தேய்க்கத் தானா வந்துரும். இது அப்பிடியில்ல. எடத்துக்கு எடம் வேற வளைவு."

"எங்க மலை மாதிரி," என்றாள் பெரியம்மா. "வைங்க."

நடுவில் வைத்தார். ஊசி ஒரு கோட்டில் நின்றது. ஓரத்துக்கு நகர்த்தினார். நின்றது. மறு ஓரம், மேலே, கீழே. நின்ற இடத்திலேயே நிற்கிற பிடிவாதக்காரக் கழுதை போல ஊசி அசையவேயில்லை.

"அல்லாவே," என்றார் நானா. "பந்தத்தான் அனுப்பியிருக்கான்."

"எனக்குப் பழகல நானா," என்றாள் பெரியம்மா. "பழகவும் மாட்டேன்."

மாதம் முடிய நாலு நாள் இருக்கையில் புதுக் கண்ணாடி வந்தது. ஊசி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் முகத்தில் ஏற்றினாள். கோணல் முழுதும் போய்விடவில்லை. ஆட்கள் இன்னும் ஓரத்தில் மறைந்து முளைக்கத்தான் செய்தார்கள். ஆனால் கம்பு கம்பாகக் கிடந்தது. கணக்கப்பிள்ளை அவள் நிரையில் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்துவிட்டு அடுத்த நிரைக்குப் போனார். பேர் நின்றது; கூரையும்.

இன்று கோளமற்ற வில்லை என்று அதற்குப் பெயர் தெரியும் எனக்கு. அன்று, கடையிலிருந்து திரும்பிய பஸ்ஸில், தெரிந்ததெல்லாம் கோபம். பெற்ற பிள்ளைபோல வளர்த்த என்னைத் தள்ளிவிட்டு ஒரு ஊசியை நம்பினாளே என்ற கோபம். பெரியம்மா வாங்கி நீட்டிய வடையைத் தொடவில்லை. கொட்டகலையில் அவள் ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். அதற்கும் முகம் கொடுக்கவில்லை.

கம்பு வளைவதற்கும் நான் நாளைக்குப் பள்ளிக்கூடம் போவதற்கும் என்ன சம்பந்தம், இந்தப் பெரியம்மா ஏன் சம்பந்தமில்லாமல் பேசுகிறாள் என்று லிந்துலை வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.