முள் நின்ற இடம்

அந்த மெக்கர் பெட்டி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, கண்ணாடிக்குள் ஒரு முள். மோட்டாரோடு இணைத்துக் கைப்பிடியை வேகமாகச் சுற்றினால் ஐந்நூறு வோல்ட் பிறக்கும். மோட்டார் நல்லதென்றால் முள் மேலேயே நிற்கும். உள்ளே வயரின் உறை எங்காவது விட்டுப்போயிருந்தால் சைபருக்குச் சரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அறுபதுகளில் விழுப்புரத்தில் நானும் என் கூட்டாளியும் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தோம். அவருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது, மற்றதும் மங்கல். ஆனால் அந்த விரல்கள்! செப்புக்கம்பியைத் தடவித் தடவியே பிசகாமல் அடுக்குவார். மெக்கரைச் சுற்றுவதும் அவர்தான். "இன்னாய்யா, முள்ளு எங்க நிக்குது?" என்பார். பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.

வளவனூர் கரும்புக்காரர் ஒருவரின் மோட்டார் வந்தபோது ஐப்பசி மழை. கம்பிக்கு உறையாகப் பூசிய வார்னிஷ் சரியாகக் காயவில்லை. எனக்கோ அன்று திண்டிவனத்தில் பெண் பார்க்கும் நாள், மனசெல்லாம் பஸ்ஸில். அவர் சுற்றிக்கொண்டே கேட்டார். நான் புதுச்சட்டைக்குப் பொத்தான் போட்டபடி, "மேலதான்யா நிக்குது, எடுத்துக்கினு போ" என்றேன். முள்ளை நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் மோட்டாரை மாட்டிக்கொடுக்கப் போன என் கூட்டாளி, வயல் சேற்றில் நின்று அதை ஓடவிட்டு, சூடு பார்க்க அதன்மேல் கை வைத்திருக்கிறார். கரண்ட் அடித்தும் உயிர் தப்பியது. வலது கையில் மூன்று விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "எர்த் கம்பிய நான்தான் லூசா உட்டுட்டேன்யா. நீ பேஜாராவாத." நான் வாயை மூடிக்கொண்டேன். கோழைத்தனம்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

அப்புறம் காயில் கட்ட வேறு ஆள் போட்டோம். கூட்டாளி இடது கையால் மெக்கரைச் சுற்றினார். ஒவ்வொரு மோட்டாருக்கும் என்னைத்தான் கேட்டார். "நல்லா பாத்தியா?" என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது கொட்டியிருப்பேன்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அன்று பார்த்த பெண்ணைத்தான் கட்டினேன். அவளிடமும் இதைச் சொன்னதில்லை. இன்று காலை பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். எந்த மோட்டாரோடும் இணைக்காத வெறும் பெட்டி. முள் மேலேயே நின்றது, அன்று நான் சொன்ன அதே இடத்தில்.